தண்ணி குடிக்கிற வண்டி

வேணாம் பாய், கைய வைக்காதீங்க. கொதிச்சுப்போய்க் கெடக்கு. இந்தா பாருங்க, மெக்கானிக்குக்கு நான் புத்தி சொல்றேன், கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதையா. ஆறட்டும். சூடு எறங்காம ரேடியேட்டர் மூடியத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக. நல்லது. அதுவரைக்கும் இந்த வண்டியோட கதைய நான் சொல்லிருறேன். வைத்தியருகிட்டயும் வக்கீலுகிட்டயும் மறைக்கக் கூடாதும்பாக. உங்ககிட்டயும் ஒண்ணும் மறைக்க மாட்டேன்.

எம் பேரு சாத்தையா. அபிராமத்துக்குத் தெக்க நம்ம ஊரு. தொழில் கரிமூட்டம். கருவேல மரத்த வெட்டி அடுக்கி, மேல மண்ணு மெழுகி, உள்ள தீ வச்சுக் கரியாக்குறது. கலியாணத்துக்கு முந்தியிருந்தே புகையோடதேன் குடித்தனம். மூட்டத்துகிட்டப் போக வேணாம் பாய், ரோட்டுல போகயிலயே புகையப் பாத்துச் சொல்லிருவேன். வெள்ளையாப் பொதபொதன்னு வந்தா மரத்துல இன்னும் ஈரம் இருக்கு, உள்ள தண்ணி வேகுதுன்னு அர்த்தம். நீலமா, மெலிசா வந்தா கரி வெளஞ்சிருச்சு, காத்தடைச்சு மூடிரலாம். எங்க பக்கத்துல எங் கரிக்குத் தனிப் பேரு. சும்மா பெருமைக்குச் சொல்லல, விசாரிச்சுப் பாருங்க.

இந்த வண்டிக்கு என்ன கோளாறுன்னா, தண்ணி குடிக்குது. அம்புட்டுதேன். காலையில ரேடியேட்டர நெறப்பிட்டுக் கெளம்புனா, கமுதி போயிட்டுத் திரும்புறதுக்குள்ள பாதி இல்ல. கீழ ஒழுகுதான்னா ஒழுகல. அடியில கோணிச்சாக்க விரிச்சு வச்சுக்கூடப் பாத்துட்டேன், சாக்கு காஞ்சபடி கெடக்கு. முதுகுளத்தூர்ல ஒருத்தன் ஓஸ் குழாய் போயிருச்சுன்னு அத மாத்துனான். கமுதியில ஒருத்தரு மூடி சரியில்லைன்னு மூடிய மாத்துனாரு. அருப்புக்கோட்டையில தண்ணிப் பம்ப்பையே கழட்டிப் புதுசு போட்டாக. ஆளுக்கு ஒண்ண மாத்துனாக, அது குடிக்கிறத மட்டும் யாராலயும் மாத்த முடியல. அந்த அருப்புக்கோட்டைக்காரருதேன் கடைசியில, 'மதுரையில தாகிர் பாய்னு ஒருத்தர் இருக்காரு, அவரு பாத்துச் சொன்னாச் சொன்னதுதான்'னாரு. அதேன் விடிஞ்சதும் கெளம்பி வந்துட்டேன்.

நான் பேய் பிசாசு நம்புறவன் இல்ல பாய். அத மொதல்லயே சொல்லிருறேன். ஏன் சொல்றேன்னா, ஊருல வேற மாதிரி பேசுறாக. எம் பொண்டாட்டியே பேசுறா.

இந்தா, கேக்குதா? டொக்... டொக்... எஞ்சின் ஆறுது, இரும்பு சுருங்குதும்பீக. தெரியும். எல்லா வண்டியிலயும் வர்ற சத்தம்தேன். ஆனா நல்லாக் காது குடுத்துக் கேளுங்க. நாக்கு வறண்டு போயி மேலண்ணத்துல ஒட்டி ஒட்டிப் பிரியும் பாருங்க, அது மாதிரி இல்ல? இல்லையா? சரி விடுங்க. எனக்குத்தேன் அப்படித் தோணுது போல.

அந்தச் சத்தத்த நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். எங்க அத்தைகிட்ட.

அத்தைன்னா, எங்க அப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி. அது மகளத்தான் நான் கட்டுனேன், அதனால மாமியாரும் அதுதேன். எங்க ஆத்தா சின்ன வயசுலயே போயிருச்சு. தலைக்கு எண்ணெ தேச்சு விட்டதுல இருந்து பொண்ணக் குடுத்தது வரைக்கும் அத்தைதேன். நான் இந்த வண்டிய செகண்ட்ல வாங்கி வாசல்ல நிப்பாட்டினப்ப, ஊரே பாக்க ஆரத்தி எடுத்துச்சு. 'எம் மருமகன் காருல்ல'ன்னு ஊருக்குள்ள முளைக்கொட்டுத் திருவிழாவுக்குப் போனாக்கூட நடக்காது, வண்டியிலதேன் வரும். சன்னலோரம் உக்காந்து, போற வர்றவுகளுக்கெல்லாம் கைய ஆட்டும். ஓட்டுப் போட்டுருங்கன்னு கேக்காததுதேன் பாக்கி.

போன சித்திரை, கத்திரி வெயில். அத்தைக்கு வயித்தால போயி, வாந்தியும் நிக்கல. நர்சம்மா வந்து பாத்துட்டு, 'ஒடம்புல நீரே இல்ல, மதுரைக்குக் கொண்டு போங்க, போற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடுத்துக்கிட்டே போங்க'ன்னுச்சு. எம் பொண்டாட்டி முத்திருளாயி, 'ஆம்புலன்சுக்குச் சொல்லுவோம்'னா. நாந்தேன், 'வாசல்ல வண்டிய வச்சுக்கிட்டு ஆம்புலன்சா? அது வர்றதுக்குள்ள நான் பாதித் தூரம் போயிருவேன்'னேன். எந்த மருமகனும் அதத்தான பாய் சொல்லுவான்? அவ அவசர அவசரமா சீரகத்தண்ணி காச்சி, பெரிய பாட்டில்ல ஊத்தி எடுத்துக்கிட்டா. அத்தைய பின் சீட்டுல படுக்க வச்சு, தலைய மடியில வச்சுக்கிட்டா. நான் ஓட்டுனேன்.

கமுதி தாண்டிக் கருவக்காட்டுக்குள்ள போகயில சூடு காட்டுற மீட்டர் முள்ளு மேல ஏறுது. ஏற ஏற நிக்கல. ஏசிய அமத்துனேன், எஞ்சினுக்கு அது சுமை பாருங்க. அப்பயும் ஏறுது. ஓரங்கட்டிப் பானட்டத் தொறந்தா அனலு. டிக்கியில எப்பயும் ஒரு கேன் தண்ணி வச்சிருப்பேன். அன்னைக்குன்னு பாத்துக் காலியாக் கெடக்கு. மூட்டத்துல வேலை பாக்குறவுக எடுத்துக் கை கழுவிட்டாக, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? சுத்திப் பாத்தா ஒரு கடை இல்ல, ஒரு வீடு இல்ல. கம்மாயி தண்ணியில்லாம வெடிச்சுக் கெடக்கு. கருவ மரம் மட்டும் பச்சையா நிக்குது, அது எந்தப் பாதாளத்துல குடிக்குதோ.

நின்னோம். நல்லா ஆறட்டும்னு நின்னோம். இப்ப நம்ம நிக்கிறமே, இந்த மாதிரி. அப்புறம் நான் பின் கதவத் தொறந்து அந்தப் பாட்டில எடுத்தேன். அரைப் பாட்டிலு இருந்துச்சு. அத்தை கண்ண முழிச்சுப் பாத்துச்சு. 'ஏய்யா சாத்தையா, தண்ணி'ன்னுச்சு. 'இந்தா அத்தை, வண்டிக்குக் காட்டிட்டு வந்துருறேன். ஆசுபத்திரிக்குப் போனதும் குளுகுளுன்னு வாங்கித் தாரேன்'னேன். முத்திருளாயி, 'ஒரு மடக்காச்சும் மிச்சம் வைய்யா'ன்னா. ஒரு மடக்குல உசுரு நின்னுருமா பாய்? நீங்க சொல்லுங்க. அரைகுறையா ஊத்திட்டுப் போயி இன்னொரு எடத்துல நின்னா அவதான திட்டுவா? முழுசா ஊத்துனேன். களக்களக்குன்னு உள்ள எறங்குச்சு.

அதுல இருந்து பின்னாடி அந்தச் சத்தம்தேன். டொக்... டொக்... பேச்சு நின்னு போச்சு, நாக்கு மட்டும். சன்னலெல்லாம் தொறந்து விட்டுருக்கேன், காத்து அடுப்புக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. அருப்புக்கோட்டை நெருங்கயில சத்தம் நின்னுருச்சு. 'பாத்தியா, அத்தை அசந்துருச்சு'ன்னேன். ரோட்டோரத்துல எளநி வித்தாக. தூங்குற ஆள எதுக்கு எழுப்பன்னு நேரா விட்டேன்.

ஆசுபத்திரியில கைய விரிச்சுட்டாக. வழியிலயே முடிஞ்சிருச்சுன்னாக.

ஆனா ஒண்ணு பாருங்க. வண்டி நடுவுல நிக்கல. ஆசுபத்திரி வாசல்ல கொண்டு போயி எறக்குச்சு. அந்தத் தண்ணிதேன் எங்கள அங்க சேத்துச்சு. அத ஊத்தாட்டி நடுக்காட்டுல நின்னுருப்போம், அத்தை அநாதையா ரோட்டுல போயிருக்கும். இத நான் முத்திருளாயிகிட்ட எத்தனை தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா? அவ ஒரே ஒரு வார்த்தைதேன் சொன்னா. பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சு, பந்தியில நாலு பேரு இருக்கயில சொன்னா. 'எங்காத்தாளுக்குக் காச்சுன தண்ணிய எடுத்து எஞ்சினுக்கு ஊத்துன மனுசன்'னா. அப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல. சோறு போடுறா, வேட்டி தொவைக்கிறா, எல்லாம் செய்யிறா. வண்டியில மட்டும் ஏற மாட்டேங்குறா. அவ பொறந்த வீட்டுச் சாமி கும்பிடுக்கும் பஸ்சுலதேன் போனா. நான் பஸ்சுக்குப் பின்னாலயே வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனேன். சிரிக்காதீங்க பாய். நெசமாத்தேன்.

அதுக்கு அப்புறம்தேன் இது தண்ணி குடிக்க ஆரம்பிச்சது. ஆரம்பிச்சதுன்னா, எனக்குத் தெரிய ஆரம்பிச்சது. ஊருல எவனோ ஒருத்தன், 'கெழவி தாகத்தோட போயிருச்சு, வண்டிக்குள்ளயே உக்காந்துருக்கு'ன்னு கெளப்பி விட்டுட்டான். இவளும் அதப் புடிச்சுக்கிட்டா.

இப்ப எம் மக சங்கவிக்கு வளைகாப்பு, வர்ற வெள்ளிக்கெழமை, பரமக்குடியில. வளையல் போட்டுப் புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். மாசமா இருக்குற புள்ளைய வாடகை வண்டியிலயா கூட்டிட்டு வர்றது, அப்பன் வீட்டுல கார் நிக்கயில? நானும் கெஞ்சிப் பாத்தேன், சத்தம் போட்டுப் பாத்தேன். முந்தாநாளு கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, தலைய நிமித்தாமச் சொன்னா. 'அது தண்ணி குடிக்கிறத நிப்பாட்டு. எங்காத்தா தாகம் தீந்துருச்சுன்னு நெனச்சுக்கிறேன். அன்னைக்கு நான் ஏறுறேன், எம் மகளையும் ஏத்துறேன்.' வருசம் ஒண்ணாகப் போகுது பாய், அவ எங்கூட வண்டியில ஏறுறேன்னு சொல்லி. அதேன் உங்கள நம்பி வந்துருக்கேன். எப்படியாச்சும் கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க.

ஆறிருச்சா? தொறங்க, தொறங்க.

என்ன பாய் மோந்து பாக்குறீக? ஆமா, சீரகம்தேன். ஒண்ணுமில்ல, எங்க பக்கம் உப்புத்தண்ணி, அத அப்படியே ஊத்துனா ரேடியேட்டர் அரிச்சுரும்னு காச்சி ஊத்துறேன். காச்சுறதுதான் காச்சுறோம், ரெண்டு சீரகம் கெடக்கட்டுமேன்னு போடுறது. இல்ல, அவ இல்ல, நாந்தேன் காச்சுவேன். அவ எந்திரிக்கிறதுக்கு முந்தி. நல்லா ஆற வச்சுத்தேன் ஊத்துவேன், சூடா ஊத்துனா தாங்காது பாருங்க. வயசான... பழைய வண்டில்ல.

கூலண்ட்டா? பச்சையா ஒண்ணு விக்கிறாங்களே, அதா? வாங்குனேன் பாய். ரோட்டோரம் நின்னு அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு டீக்கடைப் பையன்கிட்டக் கேட்டேன். குடிச்சா விசம்னு போட்டுருக்குன்னான். எப்படி ஊத்த மனசு வரும்? கொண்டு போயித் திருப்பிக் குடுத்துட்டேன்.

ஸ்டார்ட் பண்ணவா? இந்தா. நல்லா மிதிக்கவா? சரி. எங்கிட்டுப் போறீக? தண்ணி குடிக்கிறது முன்னால, நீங்க பின்னால போயி நிக்கிறீகளே. புகைக்குழாயில என்ன இருக்கு?

வாரேன், வாரேன். இருங்க, எறங்கி வாரேன்.

...

ஆமா. வெள்ளையாத்தேன் இருக்கு. பொதபொதன்னு.

இல்ல பாய், நான் பாத்ததில்ல. உள்ள இருக்குற கண்ணாடிய மேல திருப்பி வச்சுருக்கேன்ல, வெயிலு கூசுதுன்னு. பின் சீட்டு தெரியாது, பின்னால வர்றதும் தெரியாது. சன்னல் பக்கம் ஒரு கண்ணாடி இருக்கு, அதுல லாரி வருதான்னு மட்டும் பாப்பேன். முறுக்கிக்கிட்டுப் போறவன் எங்க திரும்பிப் பாக்க?

தண்ணியில கொமிழி வருதா? ஆமா, சோறு கொதிக்கிற மாதிரி வருது. சூடே இல்லாமக் கொதிக்குது. அப்படின்னா என்ன பாய்?

கேஸ்கட்டா. எஞ்சினுக்கு மேல தலைமாட்டுல வைக்கிற தகடா. அது வெந்து விட்டுப்போச்சுன்னா, தண்ணி போற பாதையும் நெருப்பு எரியிற எடமும் ஒண்ணாயிரும்... சரி... தண்ணி நெருப்புக்குள்ள போயி, ஆவியாகி, பின்னால புகையா வெளிய வந்துரும். அதேன் கீழ சொட்டல. சரிதேன். சரியாத்தேன் சொல்றீக. எனக்குச் சொல்லணுமா? எம் மூட்டத்துல நடக்குறதுதான.

எப்ப இருந்தா? வெள்ளைப் புகையா? அதத்தேன் பாத்ததில்லைன்னு சொன்னேனே. இருங்க. போன வருசப் பொங்கலுக்கு... அத்தைதேன் ஒரு நாளு சொல்லுச்சு. கோயிலுக்குப் போயிட்டு எறங்கி நின்னுக்கிட்டு, 'ஏய்யா சாத்தையா, உன் வண்டி என்ன பச்சை மரத்தப் போட்டு எரிக்கிற மாதிரிப் புகையுது'ன்னுச்சு. அதுவும் கரிமூட்டத்துல கெடந்த ஆளுதான. நான், 'ஆமா அத்தை, உனக்குக் கரி வெளையட்டும்னுதேன்'னு சிரிச்சுட்டுப் போயிட்டேன்.

அதுக்கு முந்தி ஒழுகுச்சான்னா, ஒழுகுச்சு. ரேடியேட்டர்ல கசிஞ்சுச்சு. மாத்தணும்னாக. ஒரு லாரி டிரைவருதேன், 'எதுக்கு மாத்துற, மஞ்சத்தூளு ஒரு பாக்கெட்டக் கொட்டு, அடைச்சுக்கிரும்'னாரு. கொட்டுனேன். அடைச்சுக்கிருச்சே! எல்லாரும் பண்றதுதான. சொட்டு நின்னுபோச்சு. நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்துருக்கேன்.

என்னது? மஞ்சள் ஓட்டைய மட்டும் அடைக்காதா? உள்ள தண்ணி போற சின்னச் சின்னப் பாதையெல்லாம் அடைச்சு, சூடு ஏறி, தகடு வெந்து... ஓகோ. பொங்கலுக்கே போயிருக்குமா. அப்ப சித்திரையில...

பாய், ஒரு நிமிசம் எஞ்சின அமத்துங்க.

அப்ப அன்னைக்கு நான் ஊத்துன அரைப் பாட்டிலு? அதுவும் இப்படியேதேன் போச்சா? புகையா?

தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க.

நீங்க சொல்றது எனக்குப் புரியல. ஆற வச்சு நின்னோம்ல, அதனாலதேன் ஓடுச்சுங்குறீகளா? அரைப் பாட்டில் தண்ணி அந்த எஞ்சினுக்கு எந்த மூலைக்குங்குறீக. யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஊத்தாட்டியும் அருப்புக்கோட்டை வரைக்கும் தாங்கியிருக்குமா? தாங்கியிருக்குமா, தாங்கியிருக்காதா? அதச் சரியாச் சொல்லுங்க. தாங்கியிருக்கும்ங்குறீக.

சரி.

இல்ல, ஒண்ணுமில்ல, நல்லாத்தேன் இருக்கேன். டீ வேணாம். தண்ணியும் வேணாம் பாய். நான் வெளிய எங்கயும் தண்ணி குடிக்கிறதில்ல.

இருங்க, போன் அடிக்குது. அவதேன்.

'ஆ, சொல்லு. வந்துட்டேன், பாய்கிட்டத்தேன் நிக்கிறேன். பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. ம்... ஒண்ணும் தெரியலைங்குறாரு. ஆமா. கீழ சொட்டல, எங்க போகுதுன்னு பிடிபடலையாம். பெரிய மெக்கானிக்குதேன், அவருக்கே தெரியல. அதெல்லாம் நிப்பாட்ட முடியாதுன்னுட்டாரு. நீ வெள்ளிக்கெழமைக்கு வாடகை வண்டியே சொல்லிரு. புள்ளைய அதுலயே கூட்டிட்டு வா. நான் பின்னால வாரேன். ம். வைய்யி.'

என்ன பாய் அப்படிப் பாக்குறீக? உங்க தொழில நான் கொறையாச் சொல்லல. நாளைக்கு நாலு பேருகிட்ட உங்களப் பத்தி நல்லதாத்தேன் சொல்லுவேன். மத்தவுக மூடிய மாத்துனாக, பம்ப்ப மாத்துனாக, நீங்க ஒருத்தர்தேன் பின்னால போயிப் பாத்தீக.

இல்ல, எஞ்சின் தலைய எறக்க வேணாம். ஸ்பேனர வைங்க. தகடும் மாத்த வேணாம், ஒண்ணும் மாத்த வேணாம். எனக்குத் தெரியும், இப்படியே ஓட்டுனா எஞ்சின் ஒரு நாளு ரோட்டுலயே செத்து நிக்கும். நிக்கட்டும். நீங்க சொல்றதெல்லாம் எஞ்சினுக்கு. நான் எஞ்சினுக்கா பாய் தண்ணி ஊத்துறேன்?

மூடிய நானே போட்டுக்குறேன். காத்தாடத் தொறந்து வச்சிருக்கேன்ல, நீங்க அந்தப் பின் கதவக் கொஞ்சம் மெதுவாச் சாத்துங்க. வாரேன் பாய். வெயிலு ஏறுறதுக்குள்ள கருவக்காட்டத் தாண்டிரணும், அத்தைக்கு வெயிலு ஆகாது.